காசநோய் ஆய்வில் 'தொற்று இல்லை' என்று எழுதும் முன்

மாதிரிக்குழாயில் பெயர் மாற்றி ஒட்டுவது போன்ற தவறுகளை யாரும் இரண்டு முறை செய்வதில்லை, அவற்றை விட்டுவிடலாம். புதியவர்கள் வழுக்கி விழும் இடங்கள் வேறு.

ஒரே ஒரு நெகட்டிவை நம்புவது

காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும் தொற்றாதவர்கள் உண்டு. அவர்களின் மரபணுவில் காரணம் தேடுவது நல்ல கேள்விதான். ஆனால் நோயாளி கண்டறியப்பட்ட வாரத்திலேயே வீட்டாரின் இரத்தத்தை எடுத்து, குவாண்டிஃபெரான் (கிருமியின் புரதத்தைக் கண்டதும் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றனவா என்று பார்க்கும் இரத்தச் சோதனை) நெகட்டிவ் என்றதும் 'எதிர்ப்பாற்றல் உள்ளவர்' என்று பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். எரிச்சலூட்டும் அவசரம் இது. கிருமி புகுந்த பிறகு டி செல்களின் எதிர்வினை சோதனையில் தெரியவே சில வாரங்கள் ஆகும். கடைசித் தொடர்புக்கு 8 முதல் 10 வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பிறகும் சில முறை தொடர வேண்டும்.

மில்லிலிட்டருக்கு 0.35 சர்வதேச அலகு (இதை எட்டினால் பாசிட்டிவ்) என்ற எல்லைக்கோட்டையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். இன்று 0.33 வருபவருக்கு அடுத்த முறை 0.38 வரலாம், அதற்குள் அவருக்குப் புதுத் தொற்று வந்துவிட்டது என்று பொருளில்லை. 0.2 முதல் 0.7 வரை உள்ளவர்களை எந்தக் குழுவிலும் சேர்க்காமல் தனியே வையுங்கள். மைட்டோஜென் குழாயிலும் (டி செல்களை வேண்டுமென்றே தூண்டிப் பார்க்கும் ஒப்பீட்டுக் குழாய்) அளவு எழும்பவில்லை என்றால் அது நெகட்டிவே அல்ல, முடிவு சொல்ல முடியாத சோதனை.

அடுத்தது, எவ்வளவு கிருமியை எதிர்கொண்டார் என்பது. நோயாளியின் சளியில் கிருமி எந்த அளவு, நுரையீரலில் குழி உண்டா, இருமல் எத்தனை வாரம், இரவில் ஒரே அறையில் தூங்கினாரா? இவற்றைக் குறிக்காவிட்டால், மூச்சில் கிருமியே போகாதவர் மரபணுவால் தப்பியவராகக் கணக்கில் வந்துவிடுவார். கலப்படமான குழுவில் உண்மையான வேறுபாடும் மங்கிப்போகும். மரபணு வரிசை பார்த்த செலவு அத்தனையும் வீண்.

கவனமாகத் தேர்ந்தவர்களிடமும் ஒரு சிக்கல். உகாண்டாவில் நீண்டகாலம் நெகட்டிவாகவே இருந்தவர்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அவர்களிடம் இன்டர்ஃபெரான் காமா சாராத டி செல் எதிர்வினையையும் எதிர்ப்பொருள்களையும் (ஆன்டிபாடி) கண்டது. கிருமி அவர்களைத் தொடாமல் போகவில்லை. சோதனை அளக்கும் வழியில் உடல் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தொற்றையும் நோயையும் ஒன்றாக்குவது

கிருமி உடலுக்குள் தங்குவது தொற்று, அதனால் உடல்நலம் கெடுவது நோய். மனிதரின் டிஒய்கே2 மரபணுவில் பி1104ஏ என்ற மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தால் நோய் வரும் அபாயம் கூடும். அதைத் தொற்றும் அபாயமாக எழுதாதீர்கள்.

மரபணு வரிசையை வைத்து 'இவர் அவருக்குக் கொடுத்தார்' என்பது

இந்தக் கிருமியின் மரபணுத்தொகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய அரை எழுத்துதான் (இரண்டு ஆண்டுக்கு ஒரு டிஎன்ஏ எழுத்து) மாறும். இரு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே வேறுபாடு 5 மாற்றங்களுக்குள் இருந்தால் அண்மைப் பரவல் என்றும், 12ஐத் தாண்டினால் அல்ல என்றும் கொள்வது வழக்கம். திசையை அந்த எண் சொல்லாது. பிஇ/பிபிஇ பகுதிகளை (ஒன்றுபோல் திரும்பத் திரும்ப வருவதால் தப்பாக வாசிக்கப்படும் மரபணுக்கள்) மறைக்காமல் எண்ணினால் எண்ணே தப்பு.

தோல் சோதனையில் சிவப்பை அளப்பது

பிபிடி (காசநோய்க் கிருமியின் புரதக் கலவை) ஊசி போட்ட இடத்தில் எழும் தடிப்பை மட்டும் அளக்கவும்.

தோல் சோதனை முதலில், இரத்தம் பிறகு

ஊசியில் போகும் பிபிடி, பின்னால் எடுக்கும் இரத்தச் சோதனையின் அளவை ஏற்றிவிடக்கூடும். இரண்டும் தேவையென்றால் ஊசி போடும் முன்பே இரத்தம் எடுத்துவிடுங்கள்.