555 புத்தகமும் காலை 9 மணியும்

சுங்கை சிப்புட்டில் அம்மா தோசை ஊற்றும்போதே நான் கைப்பேசியில் பங்கு வாங்கிக்கொண்டிருப்பேன். மலேசியப் பங்குச் சந்தையான புர்சா 9 மணிக்குத் திறந்ததும் விலை குரங்காட்டம் ஆடும். அதில்தான் 600 வெள்ளி (ரிங்கிட்) போனது.

இப்போது 8.30-க்கே, முன்கூட்டிய ஆர்டர்கள் வரிசை கட்டும்போது, மளிகைக் கடன் எழுதும் அதே 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் மூன்றே எண்கள்: வாங்கும் விலை, நட்டமானாலும் விற்றுவிடும் விலை, எத்தனை லாட். லாட்டுக்கு 100 பங்கு என்பதால் கணக்கு சுலபம். 9.30 வரை கைப்பேசியைத் தொடமாட்டேன். இரண்டு தடவை நட்டமென்றால் அன்றைக்குக் கடை மூடல். 12.30 முதல் 2.30 வரை சந்தைக்கே ஓய்வு, நானும் தூங்குவேன்.

நேற்று 9.10-க்கு விரல் அரித்தது. "தே ஆறுது, முதல்ல பசியாறுடா" என்றார் அம்மா. பசியாறினேன்.