புள்ளியெல்லாம் முற்றுப்புள்ளி அல்ல: தமிழ் உரையை வாக்கியமாகப் பிரிப்பது எப்படி?

ஒரு பக்கத் தமிழைக் கணினியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் மொழிபெயர்க்கச் சொன்னாலும், அது முதலில் வாக்கியங்களைப் பிரித்தாக வேண்டும். அங்கே பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகும். குரலில் வாசிக்கும் செயலி "திரு" என்று சொல்லி நிறுத்தும், பிறகு பெயரைத் தனி வாக்கியமாகச் சொல்லும். பார்வையற்றவர்கள் நாள் முழுக்க இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், நீங்களே செய்துவிடலாம்.

சோதனைக்கு நம்ம குமரி மாவட்டத்தைப் பற்றி ஒரு பத்தி:

ப. ஜீவானந்தம் பிறந்த ஊர் பூதப்பாண்டி. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு நாகர்கோவில். குமரி மாவட்டம் 1.11.1956 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. பஸ்ஸில் போகலாம். "வள்ளுவர் சிலை எவ்வளவு உயரம்?" என்று பாட்டி கேட்டாள். 133 அடி.

நாம் வாசித்தால் 7 வாக்கியம். கணினிக்கு இது எப்படித் தெரியும்?

படி 1: கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள்

புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி எங்கே வந்தாலும் வெட்டு என்று ஒரு வரி நிரல் எழுதி ஓட்டுங்கள். 14 துண்டு வரும். பாதிக்குப் பாதி தப்பு. ஆங்கிலத்தில் புள்ளிக்குப் பின் பெரிய எழுத்து வருகிறதா என்று பார்த்தே நிறைய சமாளித்துவிடலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோட் அமைப்பு வாக்கிய எல்லைக்கென்று பொது விதிகள் தந்திருக்கிறது. அவையும் இந்தப் பேதத்தை நம்பித்தான் பல இடங்களில் நிற்கின்றன. அவற்றை அப்படியே தமிழுக்குப் போட்டால் "கி.மீ." நடுவில் உடையும்.

படி 2: எண்களைக் காப்பாற்றுங்கள்

இரண்டு பக்கமும் இலக்கம் இருந்தால் அந்தப் புள்ளியைத் தொடக்கூடாது. 1.11.1956, காலை 6.30 மணி, 16.5 சதவீதம் எல்லாம் இதில் அடங்கும். காப்பாற்ற எளிய வழி: உரையில் வராத ஒரு குறியை, உதாரணமாக ¤ என்பதை, அந்தப் புள்ளிக்குப் பதிலாக வையுங்கள். வெட்டி முடித்த பிறகு திரும்பப் புள்ளியாக மாற்றிவிடலாம். இப்போது 12 துண்டு.

படி 3: தலைப்பெழுத்தும் சுருக்கமும்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். "ஓரெழுத்துக்குப் பின் புள்ளி வந்தால் அது தலைப்பெழுத்து" என்று ஒரு விதி எழுதத் தோன்றும். எழுதலாம், ஆனால் எழுத்தை எண்ணுவதில் கவனம் வேண்டும். நமக்கு "கி" ஓரெழுத்து. கணினிக்கு அது க, இகரக் குறி என இரண்டு குறியீடு. "எம்" என்பதற்கு பைத்தான் 3 என்று நீளம் சொல்லும். உயிர்மெய்க் குறியையும் மெய்ப்புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்து எண்ணும்படி முதலில் ஒரு சின்னச் செயற்கூறு (function) எழுதிக்கொள்ளுங்கள்.

ஈரெழுத்துக்கும் அதே விதியை நீட்டாதீர்கள். "அடி.", "ஊர்.", "ஆம்." எல்லாம் வாக்கியத்தை முடிக்கிற சொற்கள். எம், எஸ், என், எல், ஆர் போன்ற ஆங்கில எழுத்துப் பெயர்களைத் தனிப் பட்டியலாக வைப்பதே பத்திரம். அதோடு திரு, ரூ, டாக்டர் ஆகியவற்றையும் சேருங்கள். ஓரெழுத்திலும் "வா.", "போ.", "தா." இருக்கின்றன. வா.செ. குழந்தைசாமி பெயரில் "வா" தலைப்பெழுத்து, "உள்ளே வா." என்பதில் வினை. அடுத்து வருவதும் புள்ளி வைத்த ஓரெழுத்தா என்று பார்த்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள், "பி.இ., எம்.பி.ஏ.," என்று பட்டங்கள் வரிசையாக நிற்கும். புள்ளிக்கு அடுத்து காற்புள்ளி வந்தால் வெட்டவே வேண்டாம்.

இப்போது ஓட்டினால் 7 துண்டு வரும். சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்! "கி.மீ." என்பதற்குப் பின் வெட்ட வேண்டியது விட்டுப்போயிருக்கிறது, பாட்டியின் கேள்வி நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் எண்ணிக்கை சரியாகத் தெரிகிறது. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வெட்டு விழுந்த இடத்தைப் பாருங்கள்.

படி 4: "என்று" வந்தால் பொறுங்கள்

மேற்கோள் மூடியதும் என்று, என, என்றார், என்றாள் என ஒரு சொல் வந்தால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. தமிழ் தானாகவே தரும் துப்பு இது. கதை, பேட்டி மாதிரியான உரைகளில் இந்த ஒரு விதி நிறைய இடங்களைச் சரிசெய்துவிடும்.

படி 5: இரட்டை வேலை பார்க்கும் புள்ளி

"20 கி.மீ." என்பதன் கடைசிப் புள்ளி சுருக்கத்தையும் முடிக்கிறது, வாக்கியத்தையும் முடிக்கிறது. அதனால் பட்டியலை இரண்டாக்குங்கள். திரு., ரூ. போன்றவற்றால் வாக்கியம் முடியாது. கி.மீ., செ.மீ. போன்றவற்றால் முடியலாம். இந்த இரண்டாம் வகைக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். தூரம், தொலைவு, வேகம் என்று தொடங்கினால் வெட்டாதீர்கள். மற்ற இடத்தில் வெட்டலாம். நம் பத்தி இப்போது சரியான 7 இடங்களில் பிரியும்.

வினைமுற்றை நம்பலாமா?

தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிவதால், "-ஆன், -ஆள், -ஆர்கள்" ஈறுகளைத் தேடலாமே என்று கேட்பீர்கள். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முழுதாக நம்ப முடியாது. "மழை பெய்யும்" முடிகிறது, "பெய்யும் மழை" முடியவில்லை. அதோடு நம்ம ஊர் வாட்ஸ்அப் செய்தியில் "அண்ணன் வந்தாவ, சொன்னாவ" என்று இருக்கும். எழுத்துத் தமிழை மட்டும் பார்த்து எழுதிய ஈற்றுப் பட்டியல் அதைப் பிடிக்காது. அங்கே முற்றுப்புள்ளியும் இருக்காது, புது வரியையே எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் உரை நிறைய சேர்ந்த பிறகு, சுருக்கப் பட்டியலைக் கணினியையே தொகுக்க விடலாம். டிபோர் கிஸ், யான் ஸ்ட்ரங்க் இருவரும் 2006-ல் வெளியிட்ட புங்க்ட் முறை இதைத்தான் செய்கிறது. ஒரு சொல் குட்டையாக இருக்கிறதா, ஏறக்குறைய எப்போதும் புள்ளியோடேயே வருகிறதா, உள்ளேயும் புள்ளி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, அது சுருக்கமா என முடிவெடுக்கும். அவர்கள் சோதித்த மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் "கி.மீ.", "எம்.எல்.ஏ." இரண்டுக்கும் இந்த மூன்று குணமும் அப்படியே பொருந்துகின்றன. தொடங்குகிறவர்கள் முதலில் கையால் பட்டியல் போடுங்கள், அப்போதுதான் புங்க்ட் எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க முடியும்.

கடைசி வேலை: கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், செய்தித்தாள் என்று மூன்று விதமான உரை எடுத்து, வாக்கியம் முடியும் இடத்தைக் கையால் குறித்துவிட்டு நிரலை ஓட்டுங்கள். விட்டுப்போன வெட்டுகளைத் தனியாகவும் வேண்டாத வெட்டுகளைத் தனியாகவும் எழுதுங்கள். அடுத்து எந்தப் பட்டியலில் என்ன சேர்க்க வேண்டும் என்பது அந்த இரண்டு குறிப்பிலேயே கிடைக்கும்.