குளுக்கோஸ் தீரும்போது ஈ.கோலை என்ன செய்கிறது: ஆய்வகத்தில் அளந்து பார்க்கும் முறை

உணவு குறைவதைப் பாக்டீரியா எவ்வாறு உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதைக் காண, கல்லூரி ஆய்வகத்தில் வழக்கமாக உள்ள கருவிகளே போதும். குளுக்கோஸும் லாக்டோஸும் (பால் சர்க்கரை) கலந்த வளர்ப்பு ஊடகத்தில், குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலை முதலில் குளுக்கோஸை உண்டு தீர்க்கும். பிறகு சிறிது நேரம் வளர்ச்சியை நிறுத்தி, அதன்பின் லாக்டோஸில் மீண்டும் வளரத் தொடங்கும். 1940களின் தொடக்கத்தில் பாரிஸில் பிரெஞ்சு உயிரியலாளர் ழாக் மொனோ ஆராய்ந்த இந்த இருகட்ட வளர்ச்சியில், இடையே வரும் நிறுத்தமே நாம் கூர்ந்து அளக்க வேண்டிய பகுதி.

முதலில் சரியான பாக்டீரியா வகையைத் தேர்ந்தெடுங்கள். கே-12 குடும்பத்தின் எம்ஜி1655 ஏற்றது. குளோனிங்குக்காக எல்லா ஆய்வகங்களிலும் இருக்கும் டிஎச்5-ஆல்ஃபாவைப் பயன்படுத்தக் கூடாது. லாக்டோஸைச் செரிக்கும் மரபணுக்கள் அதில் நீக்கப்பட்டுள்ளன. பட்டினியை அறிவிக்கும் ரெல்-ஏ மரபணுவும் பழுதுபட்டிருக்கிறது.

ஊடகமாக எம்9 உப்புக் கரைசலை எடுத்து, லிட்டருக்கு 0.5 கிராம் குளுக்கோஸும் 1.5 கிராம் லாக்டோஸும் சேருங்கள். சர்க்கரைகளை 0.22 மைக்ரான் வடிகட்டியில் தனியே வடித்துச் சேர்ப்பது நல்லது. மெக்னீசியம், கால்சியம் உப்புகளைப் பாஸ்பேட்டுடன் சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்தால் வீழ்படிவு உண்டாகும் என்பதால், அவற்றையும் கரைசல் ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

முந்தைய நாள் இரவு கல்ச்சரை குளுக்கோஸ் மட்டும் உள்ள எம்9 ஊடகத்திலேயே வளர்த்துவையுங்கள். சத்துகள் நிறைந்த எல்பி ஊடகத்திலிருந்து நேரடியாக மாற்றினால், உடன்வரும் அமினோ அமிலங்கள் முடிவைக் குழப்பிவிடும். மறுநாள் காலையில் 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி (செல்கள் பெருகப் பெருகக் கூடும் கலங்கலின் அளவு) ஏறத்தாழ 0.03 ஆகுமாறு புதிய ஊடகத்தில் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் ஷேக்கரில் வையுங்கள். தொடக்கத்தில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஒளியடர்த்தி 0.4-ஐத் தாண்டியதும் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பினால் நிறுத்தமே வரைபடத்தில் தெரியாமல் போகலாம். அளவுகளை அரைமடக்கை வரைதாளில் குறியுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிலிட்டர் மாதிரியைப் பனிக்கட்டியில் எடுத்துவைத்து, நொதி பிளந்தால் மஞ்சளாகும் ஓஎன்பிஜி என்னும் வேதிப்பொருளைச் சேர்த்து, லாக்டோஸைச் சிதைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியையும், மருத்துவ ஆய்வகங்களில் பயன்படும் ஜிஓடி-பிஓடி வினைப்பொருளைக் கொண்டு குளுக்கோஸையும் அளந்தால் படம் முழுமையாகும். குளுக்கோஸ் தீர்ந்த பிறகு, வளர்ச்சி நின்றிருக்கும் வேளையிலேயே, ஓஎன்பிஜியின் மஞ்சள் நிறம் கூடத் தொடங்குவதைக் காணலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஓய்வுபோல் தோன்றும் அந்த நேரத்தில் செல் கடுமையாக உழைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை மாணவருக்குக் காட்ட முடியாது.

அப்போது உள்ளே நடப்பது இதுதான். குளுக்கோஸைச் செல்லுக்குள் கடத்தும் அமைப்பில் இரண்டு-ஏ (EIIA) என்னும் புரதம் உள்ளது. குளுக்கோஸ் வந்துகொண்டிருக்கும்வரை பெரும்பாலும் பாஸ்பேட் இல்லாத நிலையிலிருக்கும் இப்புரதம், லாக்டோஸை உள்ளே விடும் பெர்மியேஸ் என்னும் புரதத்தைத் தடுத்துவைக்கிறது. குளுக்கோஸ் தீர்ந்ததும் அதன்மீது பாஸ்பேட் தங்கிவிடுவதால் அந்தத் தடை விலகுகிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் உற்பத்தியும் தூண்டப்பட்டு, லாக்டோஸ் மரபணுக்கள் வேகமாக இயங்குகின்றன. அதே சமயம் ஸ்போ-டி (SpoT) நொதியின் வழியாகக் கூடும் பிபிஜிபிபி என்னும் மூலக்கூறு, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் புதிதாக உருவாவதைக் குறைத்து வளத்தை மிச்சப்படுத்துகிறது.

ஒப்பீட்டுக்காக இன்னொரு குடுவையில் தொடக்கத்திலேயே, லாக்டோஸ் மரபணுக்களைத் தூண்டும் செயற்கைப் பொருளான ஐபிடிஜியை 1 மில்லிமோலார் அளவில் சேருங்கள். இது பெர்மியேஸின் உதவியின்றியும் உள்ளே நுழைந்து லாக்டோஸ் மரபணுக்களைத் திறந்துவிடும் என்பதால், அந்தக் குடுவையில் நிறுத்தம் வெகுவாகக் குறைய வேண்டும். இரண்டு குடுவைகளிலும் நிறுத்தம் ஒரே நீளமாக வந்தால், ஐபிடிஜி கரைசலின் தரத்தை முதலில் சோதியுங்கள்.