சீனி வருத்தத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

டிக்கெட் போட்டதும் ஊரில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இரண்டு. எந்தத் திகதி வந்து இறங்குகிறோம் என்பது ஒன்று. எனக்குச் சீனி இருக்கிறது, இன்ன மருந்து எடுக்கிறேன் என்பது மற்றது. முதலாவதை எல்லோரும் சொல்கிறோம். இரண்டாவதைப் பலர் விழுங்கிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர் நோயாளியாகப் போய் நிற்பதா என்ற கூச்சம் ஒரு பக்கம். விருந்து வைக்கிற மாமியின் முகம் வாடிவிடுமே என்ற யோசனை இன்னொரு பக்கம்.

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர் இப்படி ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் தங்கப்போகும் வீட்டிலேயே யாராவது ஒருவர் காலையில் குளிசை போடுகிறவராக இருப்பார். முன்வீட்டு ஐயா ஊசி போடுவார். சலரோகம் என்று பழைய ஆட்கள் சொல்கிற இந்த வருத்தத்தைப் பற்றி அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சும் ஒத்தாசையும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளினிக் நாளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே ஓட்டோவில் போவார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்த பிறகு கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். யாருக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்தக் குளிசையை டொக்டர் மாற்றினார் என்பதெல்லாம் அங்கேயே பேசி முடியும். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். வாய் திறந்து சொன்னால் உங்களுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

ஆனால் அவர்களோடு பேச உட்காருமுன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரித்தானியா, கனடா, ஆஸ்திரேலியா, நோர்வே, சுவிஸ் போன்ற நாடுகளில் இரத்தச் சீனியை மில்லிமோலில் அளக்கிறோம். இலங்கையிலும் இந்தியாவிலும் மில்லிகிராமில் அளக்கிறார்கள். "எனக்கு இப்ப பத்து" என்று நீங்கள் சொன்னால் மாமி பதறிவிடுவார். "எனக்கு நூற்றெண்பது" என்று அவர் சொன்னால் நீங்கள் பதறுவீர்கள். இரண்டும் ஒன்றுதான். மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் அவர்களுடைய கணக்கு வந்துவிடும்: 4 என்றால் 72, 7 என்றால் 126, 10 என்றால் 180, 15 என்றால் 270. இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். மயக்கம் வந்து நீங்கள் பேச முடியாமல் கிடக்கிற நேரத்தில் உங்கள் மீட்டரைப் பார்க்கப்போவது அந்த வீட்டுக்காரர்தான். 2.9 என்று காட்டினால் அது ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரான்சில் இருந்து போகிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அங்கே மீட்டர்கள் மில்லிகிராமில்தான் காட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனையிலும் கணக்கு இப்படி வேறுபடும். பிரித்தானியாவில் 53 என்று சொல்வதை ஊரில் 7 சதவீதம் என்பார்கள்.

சரி, பெட்டி கட்டுவோம். இன்சுலின், மீட்டர், அதில் இரத்தம் தொட்டு வைக்கும் ஸ்ட்ரிப், கையில் ஒட்டிச் சீனியைப் பார்க்கும் சென்சர் எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். கீழே சரக்கோடு போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்துபோகலாம், பெட்டியே வராமலும் போகலாம். உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் அதைப் பாவிக்கக் கூடாது. மருந்துகளைக் கடையில் தந்த பெட்டியோடு, உங்கள் பெயர் ஒட்டியபடியே கொண்டுபோங்கள். டொக்டரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். அதில் மருந்தின் வணிகப் பெயரோடு மெட்ஃபோர்மின், கிளிக்லசைட் என்ற மூலப் பெயரும் அளவும் இருக்கட்டும். நீங்கள் எடுக்கிற கொம்பனிப் பெயர் சுன்னாகத்துப் பாமசிக்குத் தெரியாமல் இருக்கலாம், மூலப் பெயர் தெரியும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது சீனி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்த காப்புறுதி தேவைப்படும் நேரத்தில் கையை விரித்துவிடும்.

நேர வித்தியாசமும் ஊசிக்காரருக்கு ஒரு தலையிடி. கோடை காலத்தில் லண்டனுக்கும் கொழும்புக்கும் நாலரை மணித்தியாலம், ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் ஒன்பதரை மணித்தியாலம். குளிர்காலத்தில் இதோடு இன்னும் ஒரு மணித்தியாலம் கூடும். கிழக்கே பறக்கும்போது பகல் குறுகிவிடும். ஊர் மணிக்கூட்டைப் பார்த்து வழக்கமான இரவு ஊசியைப் போட்டால் முந்திய ஊசிக்கும் இதற்கும் இடைவெளி குறைந்து, சீனி இறங்கிப்போக வாய்ப்புண்டு. பயணத்துக்குச் சில கிழமை முன்பே டயபெட்டிஸ் நேர்ஸிடம் போய், எந்த மணிக்கு எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் சாப்பாட்டு ஊசி. வாசம் வருகிறது என்று போட்டுவிட்டு, குலுங்குகிறது என்று தட்டு வண்டியை நிறுத்திவிட்டார்களானால் பாடுதான்.

தட்டைக் கண்ட பிறகு ஊசி என்ற இந்த விதி ஊரில் இன்னும் முக்கியம். கலியாண வீட்டில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்றால் அது இரண்டு மணியாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். கிளிக்லசைட் குளிசையும் சாப்பிடாமல் இருந்தால் சீனியை இறக்கிவிடும் என்பதால் அதைப் போடுகிறவர்களும் இதே கவனம் எடுக்க வேண்டும். கட்டுநாயக்காவில் இறங்கி வடக்கே ஏழெட்டு மணித்தியாலம் ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ போகும்போது மருந்துப் பை மடியில் இருக்கட்டும், பஸ்ஸின் அடிப்பெட்டி வேண்டாம். ஒரு பைக்கற் பிஸ்கட்டும் சீனியும் கூடவே இருக்கட்டும். நடுச்சாமத்தில் பஸ் நிற்கிற கடையில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாவிக்கத் தொடங்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். பாவிக்கிற பேனாவைப் பெரும்பாலான வகைகளில் ஏறக்குறைய நாலு கிழமை வெளியே வைத்திருக்கலாம், ஆனால் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே. பெட்டிக்குள் இருக்கும் தாள் சரியான அளவைச் சொல்லும். சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டில்கூட இது தாண்டிப்போகும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கதவுத் தட்டில் வையுங்கள். ஐஸ் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். கரண்ட் நிற்கிற வீடு என்றால் மண்பானைதான் துணை. ஒரு பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. சின்னப் பானைக்குள் இன்சுலினைப் பொலித்தீனில் சுற்றி வைக்கலாம். தண்ணீர் ஆவியாகும்போது குளிர்ச்சி வருகிறது, அவ்வளவுதான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நன்றாக வேலை செய்யும். மாரி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவாகக் குளிராது. வெளிநாட்டில் விற்கிற, தண்ணீரில் நனைத்துப் பாவிக்கும் குளிர்ப் பைகளும் இதே முறைதான். வெயிலில் நிறுத்திய வானுக்குள் மட்டும் எதையும் விட்டுப் போகாதீர்கள்.

உடம்பு சூடாகும்போது ஊசி மருந்து விரைவாக உறிஞ்சப்படும். வெயிலில் நாலு வீடு நடந்து திரிந்த அன்று சீனி திடீரென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வந்தால் வெக்கை என்று விட்டுவிடாமல் விரலில் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே, அதாவது 72க்குக் கீழே என்றால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். சொக்லேற் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் சீனித் தண்ணீர் ஊற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். அந்த நேரத்தில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்கே 108.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் குப்பி இன்சுலின் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு என்ற செறிவில் பரவலாக விற்கப்படுகிறது. நாம் வெளிநாட்டில் பாவிப்பது 100 அலகு. ஊசிக்குழலும் வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்குச் செம்மஞ்சள் மூடி. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். அவசரத்துக்கு அங்கே வாங்க நேர்ந்தால் மருந்தையும் குழலையும் ஒரே கடையில், ஒரே இலக்கம் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி வரும், சோடா வரும், கேக் வரும். வாசலில் ஏறும்போதே "எனக்குச் சீனி போடாமல் பிளேன்டீ" என்று சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. ஊற்றிக் கொண்டுவந்த பிறகு வேண்டாம் என்றால்தான் மனவருத்தம். ஊரில் சில நம்பிக்கைகள் உண்டு. பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தால் சீனி ஏறாது என்பார்கள். பனங்கட்டியும் பெரும்பாலும் அதே சீனிதான். குரக்கன் புட்டு நல்லது, ஆனால் அதுவும் மாதான். நீத்துப்பெட்டி நிறைய அவித்ததை ஒரேயடியாகச் சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். கறுத்தக்கொழும்பான் காலத்தில் போய்விட்டு மாம்பழமே தொடமாட்டேன் என்று இருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சோற்றைக் குறைத்து இரண்டு துண்டு சாப்பிடுங்கள், இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். பார்க்குமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மாம்பழச் சாறு ஒட்டிய விரலில் குத்தினால் மீட்டர் பொய்க் கணக்குக் காட்டும். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பாவற்காய்க் கறி, மீன் சொதி என்று தட்டை நிரப்ப ஊரில் வேண்டிய அளவு இருக்கிறது.

பாவற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சா, வெந்தயம் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். சாப்பாட்டோடு சாப்பாடாகச் சாப்பிடுங்கள், ஆனால் குளிசையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள். பெயர் ஒட்டாத போத்தலில் வரும் தூளையும் தொடாதீர்கள்.

மருந்தைப் பகிர்கிற பழக்கமும் அன்பில் வருவதுதான். "உனக்கு முடிஞ்சுதோ, என்ரையை எடு" என்று குளிசை மட்டையை நீட்டுவார்கள். ஒரே நிறக் குளிசை ஒரே மருந்தாக இருக்க வேண்டியதில்லை, அளவும் வேறாக இருக்கும். இன்சுலின் பேனாவை ஊசி மாற்றினாலும் இன்னொருவரோடு பகிரக் கூடாது. இரத்தம் பேனாவுக்குள் திரும்பி வரலாம். விரல் குத்தும் ஊசியும் அப்படித்தான். பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கள். முற்றம் கூட்டுகிற அக்காவின் கையில் ஏறக்கூடாது.

பரிசாக மீட்டர் கொண்டுபோகும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. நீங்கள் கொடுத்த ஸ்ட்ரிப் முடிந்ததும் அந்த மீட்டர் அலுமாரிக்குள் போய்விடும். அதற்கான ஸ்ட்ரிப் அங்கே கிடைக்காது, கிடைத்தாலும் விலை. அதைவிட ஊர்ப் பாமசியில் கிடைக்கிற மீட்டரை வாங்கிக் கொடுத்து, மாதாமாதம் ஸ்ட்ரிப்புக்குக் காசு அனுப்புங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது சூட்கேசில் கொண்டுபோன மருந்து பலருக்கு உதவியது உண்மை. இப்போதும் கொண்டுபோக நினைத்தால் முதலில் அவர்களுடைய கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என்ன தேவை என்பது அதில் இருக்கும்.

கோவிலுக்குப் போகிறவர்கள் காலைப் பார்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள், நல்ல வெயில் காலம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மணல் சுடுவது தெரியாது. கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். அதிகாலைப் பூசைக்குப் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். ஒவ்வொரு இரவும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்றும்போது கையில் சென்சர் தெரியும், நாலு பேர் விசாரிப்பார்கள். சொல்லுங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. வியர்வையிலும் கீரிமலைக் குளிப்பிலும் சென்சர் கழன்றுவிடும், மேலதிகமாக இரண்டு இருக்கட்டும்.

விரதம் பிடிக்கிறவர்கள் முன்கூட்டி டொக்டரிடம் கேளுங்கள். குறிப்பாக எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசைகளை எடுக்கிறவர்கள் பட்டினி கிடந்தாலோ, வயிற்றோட்டம், வாந்தி வந்தாலோ அதை இடைநிறுத்த வேண்டி வரும். இல்லாவிட்டால் இரத்தத்தில் அமிலம் கூடி ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். மெட்ஃபோர்மினும் அப்படியான நாளில் நிறுத்தச் சொல்லப்படும். இன்சுலினை மட்டும் சாப்பிடவில்லை என்பதற்காக முற்றாக நிறுத்தக் கூடாது. வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் ஊரில் எந்தப் பாமசியிலும் கிடைக்கும்.

முதலாம் வகைச் சீனி உள்ள பிள்ளையோடு போகிறவர்களுக்குத்தான் கதை நீளம். "சின்னப் பிள்ளைக்கும் சீனியோ, இனிப்புக் கூடக் குடுத்தனீங்களோ?" என்று கேட்பார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்ததால் வந்தது, யாரும் ஊட்டி வரவில்லை என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு மீட்டர் பார்க்கக் காட்டிக் கொடுங்கள். பேரனுக்கும் அம்மம்மாவுக்கும் காலையில் சேர்ந்து விரல் குத்துவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். ஊசி மட்டும் ஆளுக்கு ஒன்று.

திரும்பும் விமானத்தில் கணக்குத் தலைகீழ்: மேற்கே போகும்போது பகல் நீளும், இடையில் மேலதிக ஊசி தேவைப்படலாம். நேர்ஸ் எழுதித் தந்த தாளின் பின்பக்கத்தில் அதையும் எழுதி வாங்கியிருங்கள். காலில் ஆறாத காயம் எதுவும் இருந்தால், அடுத்த அப்பொயின்மென்ட் வரை காத்திராமல் வந்த கிழமையே காட்டுங்கள்.