ஆபத்துக் கடிதம் இடிக்கச் சொல்லும் கடிதம் அல்ல: பழைய வீடுகளை அகற்றுவோர் விடும் தவறுகள்

போன மாதம் மட்டக்களப்பு கோட்டைமுனையில் ஒரு ஒழுங்கையால் வரும்போது, பாழடைந்து கிடந்த பழைய வீடொன்றின் முகட்டில் இரண்டு பொடியன்கள் நின்று ஓடு கழற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே கொந்தராத்து எடுத்த தம்பி நின்றார். முப்பது வயதுகூட இருக்காது.

"அனுமதி எல்லாம் எடுத்தாச்சா தம்பி?"

"கடிதம் இரிக்கு அண்ணன்" என்று சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். கட்டடம் ஆபத்தாக இருக்கிறது என்று உள்ளூராட்சி மன்றம் அனுப்பும் கடிதம். எனக்கு அதை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. இருபது வருடத்துக்கு முதல் அதே மாதிரி ஒரு தாளை நானும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை தொடங்கியவன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தலைக்கவசம் போடுங்கள், மின்சார இணைப்பைத் துண்டியுங்கள், தண்ணீர்க் குழாயை அடையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை தெரியாதவர் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது. தெரிந்தவர்களும் விழுகிற குழிகளைத்தான் சொல்கிறேன்.

ஆபத்துக் கடிதத்தை அனுமதியாக வாசிப்பது

என்னுடைய கதையைச் சொல்கிறேன். புளியந்தீவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. தாய் வழியாகச் சீதனமாக வந்தது. பத்துப் பதினைந்து வருடம் ஆளில்லாமல் கிடந்து, ஒழுங்கைப் பக்கச் சுவர் வெளியே சாய்ந்துவிட்டது. அந்த ஒழுங்கையால்தான் பள்ளிப் பிள்ளைகள் போய்வருவார்கள். உள்ளூராட்சி மன்றத்திலிருந்து கடிதம் வந்தது: கட்டடம் பொதுமக்களுக்கு ஆபத்தாக இருக்கிறது, பதினான்கு நாட்களுக்குள் உரிய நடவடிக்கை எடுக்கவும்.

"உரிய நடவடிக்கை" என்ற இரண்டு சொல்லை "இடி" என்று வாசித்தேன். ரீச்சரும் அப்படித்தான் வாசித்தார். இருவரும் பயந்திருந்தோம், நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டு நாளில் ஓடு முழுவதையும் இறக்கினேன். இறக்க வசதியாக இருக்கும் என்று குறுக்கு வளைகளை, அதாவது சுவருக்குச் சுவர் போட்ட மரங்களை, நடுவில் அறுத்தேன். நான்காம் நாள் தொல்பொருள் உத்தியோகத்தர்கள் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. சுவர் எந்தக் காலத்தது என்று யாரும் அவர்களைக் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

அது ஐப்பசி மாதம். வளைகளை அறுத்துவிட்டதால் கூரையைத் திருப்பிப் போடவும் வழியில்லை. மழை தொடங்கியது. கார்த்திகையில் ஓர் இரவு முன்பக்கச் சுவர் தூண்களோடு ஒழுங்கைக்குள் விழுந்தது. இரவானபடியால் உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து வீட்டு மதிலும் கழிவறையும் போயின. இடிபாடு அகற்றிய டிரக்டர் கூலி, முட்டுக்கொடுத்த சாரக் கம்பிகளின் மாத வாடகை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டிக் கொடுத்தது என்று ரீச்சரின் ஓய்வூதியச் சேமிப்பு கரைந்தது. என்னால் முடிந்ததை நானும் போட்டேன். கடைசியில் பரிசோதனை முடிந்து வந்த பதில் இது: பிற்காலத்தில் சீமெந்துக் கல்லால் கட்டிச் சேர்த்த பின்பக்கக் குசினியை இடிக்கலாம், முன்பகுதியை வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொள்ளச் சொன்ன பகுதிதான் ஒழுங்கைக்குள் கிடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்பதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். மன்றம் பார்ப்பது தெருவால் போகிறவரின் தலையில் கல் விழுமா என்பதை. கட்டடத்தின் வயதை அது பார்ப்பதில்லை. வயதைப் பார்ப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஐ ஒரு கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்திய கட்டடம் புராதன சின்னம் என்ற வகைக்குள் வரும். பிந்தியதாக இருந்தாலும், 100 வருடத்துக்குக் குறையாத கட்டடம் என்றால் அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்து அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கலாம். அப்படி அறிவித்த கட்டடத்தில் ஒரு பழுதுபார்ப்புக்கே தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். 1998இல் வந்த திருத்தம் தண்டனையைக் கூட்டியது, சிறையும் உண்டு. இதைத் தவிர, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்திய பகுதியென்றால் திட்டமிடல் அனுமதி என்று இன்னொரு படியும் இருக்கிறது. ஓரிடத்துக் கையொப்பம் மற்ற இடத்துக்குச் செல்லாது.

எங்களுடைய ஊரில் இது வெறும் சட்டப் பேச்சில்லை. புளியந்தீவுக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்து இறங்கியதே 1814இல். 1815க்கு முந்திய சுவர்த் துண்டொன்று ஏதாவது வீட்டுக்குள் மறைந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, பதினான்கு நாள் கெடு இருக்கிறதே, என்ன செய்வது? ஆபத்தை அகற்றுவது ஒரு வேலை, கட்டடத்தை அகற்றுவது இன்னொரு வேலை. கெடு முதலாவதுக்குத்தான். அன்றைக்கே ஒழுங்கைப் பக்கம் வேலி போடுங்கள். சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுங்கள், நிலத்திலிருந்து 60, 65 பாகையில். எங்கள் பக்கம் மணல் தரை. முட்டின் காலுக்கு அடியில் அகலமான பலகை போடாவிட்டால் ஒரு மழையோடு அது இறங்கிவிடும். பிறகு, செய்ததைப் படத்தோடு எழுதி, கெடு முடிய முன்னர் மன்றத்துக்குப் பதில் கொடுங்கள். அதே கடிதத்தின் பிரதியோடு தொல்பொருள் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். நான்கு பக்கப் படம், நில அளவைப் படம், கையில் இருக்கிற மிகப் பழைய காணி உறுதி ஆகியவற்றைக் கொண்டுபோய், இந்தக் கட்டடம் அறிவிக்கப்பட்டதா, எந்தக் காலத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "அவர் பிரச்சினையில்லை எண்டு சொன்னவர்" என்பதை எந்த நீதவானும் ஏற்கமாட்டார்.

"முழுக் கட்டடமும் பாதுகாப்பற்றது" என்ற ஒற்றை வரி அறிக்கை

பொறியியலாளரிடம் அறிக்கை எடுக்கும்போது இந்த ஒரு வரியை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதை வைத்து ஒருவராலும் முடிவெடுக்க முடியாது. எந்தச் சுவர், எவ்வளவு உயரத்தில் எத்தனை அங்குலம் சாய்ந்திருக்கிறது, வெடிப்பு எங்கே எவ்வளவு அகலம், எது நகர்கிறது, எது நகரவில்லை என்று இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 24 அங்குலத் தடிப்புள்ள சுவர் உச்சியில் 3 அங்குலம் சாய்ந்திருக்கிறது. பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் சுவரின் நிறை மையம் விலகியது ஒன்றரை அங்குலம்தான். அடித்தடிப்பின் நடுவிலிருந்து ஆறிலொரு பங்கு, அதாவது 4 அங்குலம், தாண்டும்வரை சுவரின் எந்தப் பக்கமும் இழுபடாது. அதே சுவர் நேராக நின்று, நடுவில் வயிறு தள்ளியிருந்தால்தான் நான் ஆட்களை விலக்குவேன். பழைய சுவர்கள் பல இரண்டு முகமாகக் கட்டி, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியவை. தண்ணீர் இறங்கினால் நடு நிரப்பு கீழே அமர்ந்து இரண்டு முகத்தையும் பிரித்துத் தள்ளும். கையால் தட்டினால் பானை போலச் சத்தம் வரும்.

வெடிப்பு நகர்கிறதா என்று பார்க்க, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு பக்கமும் இறுக்கமாக ஒட்டி, திகதி எழுதி விடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். செலவு ஒன்றுமில்லை.

ஓடுகளைப் பார்த்து வயது சொல்வது

இதுவும் நான் விட்ட பிழை. ரீச்சர் வீட்டில் இருந்தது கள்ளிக்கோட்டை ஓடு. அந்த வகை ஓட்டுக்குப் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அப்படியானால் வீடு 1815க்குப் பிந்தியது, பயமில்லை என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கணக்குச் சரி, ஆனால் அது ஓட்டின் வயது. சுவர் வேறு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் இந்த மாவட்டத்தில் எத்தனை கூரை பறந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அதற்கு முன்னரும் பின்னரும் எத்தனை தரம் கூரை மாறியிருக்கும்?

வயதறியச் சாந்தைப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஆணியால் மெல்லக் கீறுங்கள். சீமெந்து கீறலை எதிர்க்கும், சாம்பல் நிறம். சுண்ணாம்புச் சாந்து வெள்ளையாய் மாவாகக் கொட்டும், சில வேளை சிப்பித் துண்டு தெரியும். கல்லுக்கு நடுவே பூப்பூவாய்த் துளை விழுந்த முருகைக்கல் (கடல் பவளக்கல்) தெரிந்தால் சுத்தியலைக் கீழே வையுங்கள். அதனால் மட்டும் அது புராதன சின்னம் ஆகிவிடாது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் பிந்திய காலத்திலும் பாவித்தவைதான். ஆனால் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: ஊரில் எந்தப் பழைய வீட்டைக் கேட்டாலும் "ஒல்லாந்தர் காலத்தது" என்பார்கள். அதை நம்பிப் பயந்து, விழப்போகிற ஐம்பது வருடக் கட்டடத்தைத் தொடாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

கூரையை முதலில் கழற்றுவது

மேலிருந்து கீழே என்பது பொது விதி, சரிதான். ஆனால் சுண்ணாம்புச் சுவர் வீட்டில் எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்து வைத்திருப்பது குறுக்கு வளைகள். ஓடு இறங்கினால் பாரம் குறையும். வளை போனால் பிடி போகும். இரண்டும் வேறு வேறு. ஓடுகளை இறக்குங்கள், ஓடு தாங்கும் சிலாகையையும் அதற்குக் கீழுள்ள சாய்வுக் கைமரத்தையும் எடுங்கள். வளைகளை, சுவர் உங்கள் நெஞ்சளவுக்கு இறங்கும்வரையோ முட்டுக் கொடுத்து முடியும்வரையோ தொடாதீர்கள். இடையில் வேலை நின்றால் சுவரின் உச்சிக்குத் தறப்பாள் போதாது, காற்றுக்குக் கிழியும். தகரத்தை இரு பக்கமும் ஒரு அடி நீட்டி, கல் ஏற்றிக் கட்டுங்கள். தண்ணீர் உச்சியால் இறங்குவதுதான் சுவரைக் கொல்லும்.

பெக்கோ

பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவர் இருந்தால் இந்த இடிக்கும் இயந்திரம் வேண்டாம். கையால் கழற்றுங்கள்.

அஸ்பெஸ்டஸ்

அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை உடைக்காதீர்கள். நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள்.

பங்குக்காரர்

எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைகளுக்குப் போகும். மூன்று தலைமுறை தாண்டினால் ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்கு, பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். கூப்பிட்டவர் ஒருவர்தானே என்று வேலை தொடங்காதீர்கள். மற்றவர்களின் அற்றோணித் தத்துவத்தை, அதாவது தங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, கண்ணால் பார்த்து, பிரதி வாங்குங்கள். கதவு நிலைகளை எடுத்தது யார் என்ற சண்டை கடைசியில் உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

கழற்றிய மரத்தை அன்றே விற்பது

முதிரை மரக் கதவு நிலைக்குக் காத்திருந்து வாங்க ஆள் இருக்கிறது, தெரியும். அளந்து, படம் எடுத்து, இலக்கம் போட்டு அடுக்குங்கள். அனுமதி நிபந்தனையில் திருப்பிப் பொருத்தச் சொல்லவும் கூடும்.

அத்திவாரத்தைக் கிண்டுவது

இடிக்க அனுமதி கிடைத்தால் தோண்டவும் அனுமதி கிடைத்ததாக நினைக்கிறார்கள். நிலத்துக்குள்ளிருந்து வரும் தொல்பொருள் அரசுக்குரியது. நாணயமோ பானையோ பழைய கட்டுமானமோ வந்தால் நிறுத்தி அறிவியுங்கள். காணி 0.25 ஹெக்டேயர், ஏறக்குறைய 99 பேர்ச், அல்லது அதற்கு மேல் என்றால் அபிவிருத்திக்கு முன்னர் தொல்லியல் தாக்க மதிப்பீடும் தேவைப்படும். யுத்த காலத்தில் கைவிட்ட வீடென்றால் இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டாலும் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கிணறு

முதல் நாளே மூடி போட்டு வேலி அடையுங்கள். இடிபாட்டைக் கொட்டாதீர்கள்.

கோட்டைமுனைத் தம்பிக்கு வருகிறேன். பொடியன்களை இறங்கச் சொன்னேன். முதலில் முகம் சுழித்தார், அன்றைய கூலி போகுமே என்று. ரீச்சர் வீட்டுக் கதையைச் சொன்னேன். வளைகள் நல்ல வேளையாக அப்படியே கிடந்தன. பின்னேரத்துக்குள் முன்பக்கம் நான்கு முட்டுக் கொடுத்து, ஓடு கழற்றிய இடத்தைத் தகரத்தால் மூடினோம். திங்கட்கிழமை மன்றத்துக்கும் தொல்பொருள் அலுவலகத்துக்கும் கடிதம் கொண்டுபோனார். பதில் இன்னும் வரவில்லை. வாசல் நிலைக்கு மேல் ஓடிய வெடிப்பில் நான் ஒட்டிவிட்ட கண்ணாடித் துண்டை நேற்றும் போய்ப் பார்த்தேன். உடையவில்லை.