கடல் நீச்சலுக்கு கயாக்கில் துணை போவது எப்படி? (டர்பன் கடலை வைத்து ஒரு செய்முறை)

என் தங்கை தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலில் நீண்ட தூரம் நீந்துகிறாள். பக்கத்தில் கயாக்கில், அதாவது துடுப்பு போடும் சிறு படகில், போவது நான். முதல்முறை துணை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கயாக் ஓட்டவும், கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்தே மறுபடி ஏறவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் அதை முதலில் அலையில்லாத இடத்தில் பழகிவிடுங்கள்.

படகிலிருந்து தொடங்கலாம். இந்த ஊரில் சர்ஃப் ஸ்கி எனும் நீண்டு ஒடுங்கிய கயாக் வைத்திருப்பவர்கள் அதிகம், ஆனால் துணைக்கு அது வேண்டாம். அது வேகத்துக்காகச் செய்தது. மெதுவாகப் போனால் தள்ளாடும், துடுப்பை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பாட்டில் எடுக்க முடியாது. மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான சிட்-ஆன்-டாப் கயாக்தான் சரி. காற்றடைக்கும் வகையைக் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், படகின் பின்னால் கட்டி வைத்திருந்தால் பிரயோஜனமில்லை. விசில், துடுப்பைப் படகோடு பிணைக்கும் கயிறு, தண்ணீர் புகாத பையில் போன், இவை கட்டாயம். கடல் மீட்பு அமைப்பான என்எஸ்ஆர்ஐயின் சேஃப்டிரெக்ஸ் செயலியை போனில் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். குறித்த நேரத்துக்குள் நீங்கள் கரை சேரவில்லை என்றால், நீங்கள் கொடுத்திருக்கும் எண்ணுக்குத் தகவல் போகும்.

இறங்க நல்ல இடம் வெட்ச்சஸ் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி பாதியில் கைவிட்ட கற்சுவர் அங்கே பாறைத்திட்டாகக் கிடக்கிறது. அது பெரிய அலையைத் தடுத்துவிடுவதால் கயாக்கை இறக்குவதும் ஏற்றுவதும் சுலபம்.

விடிந்ததும் கிளம்புங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். வெயில் ஏற ஏற வடகிழக்குக் காற்று வலுக்கும், அதனால் காலை அமைதியில் வடக்கே மோசஸ் மபிடா அரங்கத்தின் வளைவைப் பார்த்துப் போய், காற்று எழும்பும்போது முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவது நல்லது. தென்மேற்குக் காற்று திடீரென மாறி அடிக்கும் என்று முன்னறிவிப்பில் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

இனி எல்லாரும் திணறும் கட்டம். நன்றாக நீந்துகிறவர்கூட மணிக்கு 3 கிலோமீட்டர்தான் போவார். கயாக் சாதாரணமாகத் துடுப்பு போட்டாலே 5 கிலோமீட்டர் போகும். ஆக, மணிக்கணக்கில் மெதுவாகப் போவதுதான் உங்கள் வேலை. இரண்டு வலித்துவிட்டு நின்று காத்திருக்கலாம் என்று தோன்றும். நின்ற உடனே படகு திசை மாறும், காற்று அதைக் குறுக்கே திருப்பி நீந்துபவர் மேலேயே தள்ளும். அதனால் நிற்காதீர்கள். துடுப்பின் பாதி இலை மட்டும் நனையும்படி, உடம்புக்கு ஒட்டி, சின்னச் சின்னதாக வலித்துக்கொண்டே இருங்கள். பக்கவாட்டுக் காற்றில் படகின் முனையைக் கொஞ்சம் காற்றுக்கு எதிராகத் திருப்பி வைத்தால் நேராகப் போகலாம்.

உங்கள் இருக்கை நீந்துபவரின் தலைக்கு நேராக, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். தங்கை மூச்செடுக்கத் திரும்பும்போது கண்ணாடிக்குள் அவள் கண் எனக்குத் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம். நீங்கள் முன்னால் போய்விட்டால் அவர் உங்களைத் தேடித் தலையைத் தூக்குவார், இடுப்பு இறங்கும், கழுத்து வலிக்கும். பின்தங்கினால் வழி தவறுவார். அவர் கரையைப் பார்த்து நீந்துவதில்லை, உங்களைப் பார்த்துத்தான் நீந்துகிறார். நீங்கள் வளைந்து வளைந்து போனால் அவரும் அப்படியே வருவார். கரையில் இரண்டு கட்டடங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்வைத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், மீனவர்கள் செய்வது போல.

எந்தப் பக்கம் நிற்பது? அவர் மூச்செடுக்கும் பக்கம்தான். இரண்டு பக்கமும் எடுப்பவராக இருந்தால், காற்று முதலில் அவரைத் தொட்டுவிட்டு உங்களிடம் வரும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது காற்று உங்களை அவரிடமிருந்து விலக்கும், அவர் மேல் தள்ளாது. வடக்கே போகும் காலை நேரத்தில் அது கரைப் பக்கமாக அமையும், அவர் கண்ணில் சூரியனும் அடிக்காது.

உணவு அரை மணிக்கு ஒரு முறை. வாய் அகன்ற பாட்டிலை நாய்க்குக் கட்டும் சுருள் கயிற்றில் மாட்டி வீசுங்கள். சாதாரணக் கயிறு தண்ணீரில் மிதந்து காலில் சிக்கும், இது தானாகச் சுருட்டிக்கொள்ளும். மாவுச்சத்து மணிக்கு 60 கிராம் வரை போகலாம். என் தங்கைக்கு வெதுவெதுப்பான ரூய்போஸ் மூலிகைத் தேநீரில் கலந்து கொடுத்தால்தான் இறங்கும். உப்புநீரில் நாக்கு தடித்துப்போன பிறகு டின் பீச் பழத்துண்டு அமிர்தமாக இருக்கும். முறைப்படியான நீச்சலில் படகைத் தொட்டால் தகுதி போய்விடும், ஆகவே எட்டி வீசியே பழகுங்கள். ஆபத்து என்றால் விதியை மறந்துவிட்டு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பிடித்தால் படகு கவிழும்.

ஒவ்வொரு உணவு நேரத்துக்கு முன்னும் நிமிடத்துக்கு எத்தனை கை போடுகிறார் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால், அல்லது "உன் மகளுக்கு எந்த வகுப்பு?" என்ற கேள்விக்குப் பதில் குழறினால், அவர் மறுத்தாலும் நீச்சலை நிறுத்துங்கள். டர்பன் நீர் வெதுவெதுப்பானது என்பதால் இதில் அசட்டையாக இருக்கிறார்கள். மணிக்கணக்கில் உள்ளே இருந்தால் 21 டிகிரியும் குளிரும்.

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மேடைகளில் (பியர்) தூண்டில் போடுபவர்கள் நூறு மீட்டருக்கு மேல் வீசுவார்கள், நன்றாக விலகிப் போங்கள். மழைக்குப் பிறகு உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. தண்ணீர் கலங்கி அசுத்தமாக இருக்கும், அப்படிக் கலங்கிய நீரில் சாம்பேசி சுறாவும் (காளைச் சுறா) வரும். சுறா வலைகள் இருக்கிறதே என்பார்கள். அவை கரையை முழுவதும் அடைக்கும் வேலி இல்லை. ஜூன், ஜூலையில் சார்டின் (மத்தி) மீன் கூட்டம் வரும்போது அவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "நீந்துபவர் கூப்பிட்டால் காதில் விழவில்லையே" என்று கேட்டிருந்தார். காற்றில் விழாதுதான். கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்: ஒரு கை மேலே என்றால் "பக்கத்தில் வா", உங்கள் விசில் ஒன்று என்றால் "நில்", மூன்று என்றால் "ஆபத்து, படகைப் பிடி". இன்னொருவர் கேட்டது ஒரு கயாக்குக்கு எத்தனை பேர் என்று. ஒருவர்தான். இரண்டு பேரின் வேகம் ஒரு மணி நேரம்கூட ஒன்றாக இருக்காது.