தொட்டிக்குள் ஓர் ஊருணிக்கரை

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி பக்கம் கடற்கரைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மனசு வராது. நாலு சிப்பி, ஒரு சோழி, பை நிறைய வெள்ளை மணல். என் முதல் மீன் தொட்டி அப்படித்தான் நிறைந்தது. பார்க்க அழகுதான். ஆனால் வைத்த செடி எதுவும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. கடல் மணலில் உப்போடு சிப்பித் தூளும் கலந்திருக்கும். சிப்பி என்றால் சுண்ணாம்பு. அது மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். நம்மூர்த் தண்ணீரோ ஏற்கெனவே உப்பும் கடினமுமானது. பவளப்பாறைத் துண்டைக் கையால்கூடத் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. கரையில் செத்து ஒதுங்கியதை எடுத்தாலும் குற்றம்தான்.

அதனால் கடலைக் கடலிலேயே விட்டுவிட்டு, ஊருக்குள் இருக்கும் ஊருணியைப் பார்த்துத் தொட்டி அமைக்கலாம். கரையோரக் கல், நீரில் சாய்ந்த கிளை, நடுவில் பாசி. இதுதான் நாம் செய்யப்போவது.

தண்ணீர்

கல்லும் செடியும் வாங்குவதற்கு முன்னால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது ஆர்ஓ பழுது பார்க்க வருபவரிடம் கேட்டு அளந்து பாருங்கள். என் வீட்டு போர் தண்ணீர் 1,800 காட்டியது. தள்ளுவண்டியில் குடம் குடமாக வரும் நல்ல தண்ணீர் 250. செடி வைத்த தொட்டிக்கு 500-க்குள் இருந்தால் நிம்மதி. காவிரிக் குழாய்த் தண்ணீர் வந்தால் அதுவே போதும். குளோரின் போக ஒருநாள் வாளியில் திறந்து வையுங்கள், இல்லையென்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள்.

தொட்டி

ஆரம்பத்துக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால் கல், மணல், கண்ணாடியோடு 75 கிலோவுக்குக் குறையாது. பிளாஸ்டிக் ஸ்டூலில் வைக்கும் ஆசை வேண்டாம். சமதளமான மேசையில் தெர்மாகோல் விரித்து வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழாத இடமாக இருக்கட்டும்.

கல், கட்டை, மணல்

நம் கரையில் மலை கிடையாது. கடலோரம் கிடக்கும் பாறையும் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்தது. வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிக் கிடக்கும் கருங்கல்தான் என் தேர்வு. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். எந்தக் கல்லாக இருந்தாலும் வினிகர் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, தூக்கிப் போடுங்கள். சிமென்ட் ஒட்டியிருந்தால் அதுவும் நுரைக்கும், சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கட்டைக்கு நன்றாகக் காய்ந்து பட்டை உரிந்த கொய்யாக் கிளை. சீமைக்கருவேலம் இந்த மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும், ஆனால் முள் மீனைக் கிழிக்கும் என்று நான் போடுவதில்லை. கிளையைப் பெரிய பாத்திரத்தில் வேகவைத்து, மூழ்கும்வரை ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால் பயம் வேண்டாம், கட்டையில் உள்ள துவர்ப்புதான் இறங்குகிறது. ஊறவைத்த தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

மணல், சலித்த ஆற்று மணல். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். எனக்குப் பதினைந்து தடவை ஆனது, இடுப்பு போய்விட்டது.

அடுக்குவது

உண்மையான வேலை இங்கேதான். அவசரப்படாதீர்கள்; நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்தேன்.

மணலை முன்பக்கம் ஓர் அங்குலம், பின்பக்கம் மூன்று அங்குலம் வரும்படி சரிவாகப் போடுங்கள். இந்தச் சரிவுதான் ஓரடி அகலத் தொட்டிக்கு ஆழம் இருப்பதுபோலக் காட்டும். அப்புறம் பெரிய கல். எல்லோரும் அதை நட்ட நடுவில் வைப்பார்கள், சாமி சிலை மாதிரி. வேண்டாம். பக்கவாட்டிலிருந்து எட்டு ஒன்பது அங்குலத்தில் வையுங்கள், அதாவது நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இயற்கைத் தொட்டி பாணியை உலகுக்குப் பரப்பிய ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களைத் தேடிப் பாருங்கள். கண் பெரும்பாலும் நடுவைவிட்டு விலகித்தான் நிற்கும்.

கற்கள் ஒற்றைப்படையில் இருக்கட்டும், மூன்று அல்லது ஐந்து. ஒன்றுக்கொன்று அளவு வேறாக, ஆனால் எல்லாம் ஒரே வகைக் கல். அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்கை மணலுக்குள் புதையுங்கள். மேலே சும்மா வைத்த கல் கடையில் வாங்கியது போலவும், புதைந்த கல் காலகாலமாக அங்கேயே கிடந்தது போலவும் தெரியும். கிளையைப் பெரிய கல்லின் பின்னாலிருந்து காலியான பக்கம் நோக்கிச் சாய்த்துவிடுங்கள். அந்தக் காலி இடம் காலியாகவே இருக்கட்டும், அங்கே ஒரு பொம்மையை வைக்கக் கை துறுதுறுக்கும்.

செடி

கடினமான தண்ணீரைத் தாங்கும் செடிகள்தான் நமக்கு. பின்னால் நாடா மாதிரி நீளும் வாலிஸ்நேரியா. கிளையிலும் கல்லிலும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். இந்த இரண்டின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், நூலால் கட்டிவிடுங்கள். கல்லடியில் கிரிப்டோகோரைன் வெண்டியை. இதன் பூர்வீகம் இலங்கை, நமக்குக் கடல் தாண்டினால் பக்கத்து ஊர். புது இடத்தில் நட்டதும் இலை கரையும், பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும். கண்மாயிலிருந்து வேலம்பாசி எடுத்து வந்தால் இரண்டு வாரம் தனி வாளியில் வையுங்கள். நத்தையும் தும்பிப் புழுவும் கூடவே வரும்.

மணல் ஈரமாக இருக்கும்போதே இடுக்கியால் நட்டுவிட்டு, மேலே ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு ஒரே குடத்தில் கலைந்துவிடும். விளக்கு ஒருநாளைக்கு ஆறு மணி நேரம் போதும். கூடினால் பச்சைப் பாசி படியும்.

மீன்

பில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமல் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும், அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பில்டரில் குடியேறும். சோதனைச் சொட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

நியான் டெட்ரா மென்மையான தண்ணீர் கேட்கும், நமக்குச் சரிவராது. மாலிக்கும் கப்பிக்கும் கொஞ்சம் உப்பு பிரச்சினையே இல்லை. முதலில் மூன்று மட்டும் விடுங்கள். இன்னொரு யோசனை: சந்தையில் உயிரோடு விற்கும் அயிரை. குழம்புக்கு வாங்கியதிலிருந்து ஐந்தை எடுத்துத் தனி வாளியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து, பிழைத்ததை நான் தொட்டியில் விட்டேன். மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "இது எப்போ குழம்புக்கு?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். நாட்டு வாதாம் மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால், கரையோரத் தோற்றம் தானாக வந்துவிடும்.

வற்றும் தண்ணீர்

வாரத்துக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். கோடையில்தான் கவனம். தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும், சின்ன மின்விசிறியை மேற்பரப்பில் திருப்பி வைத்தால் சூடு தணியும். ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதே இங்கும் நடக்கிறது. அதனால் வற்றிய அளவை நிரப்ப எப்போதும் நல்ல தண்ணீர்தான், போர் தண்ணீர் ஆகாது. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

போன மே மாதம் நான் இரண்டு வாரம் ஊரில் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் கோட்டைச் சரியாகப் பார்த்து, தினமும் போர் தண்ணீரால் நிரப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்து அளந்தால் 1,100. மாலிகள் சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன. கிரிப்டோகோரைன் மொத்தமும் கரைந்து வெறும் வேர் மட்டும். நாலு வாரம் கழித்து அதிலிருந்து ஒரு சின்னப் பழுப்பு இலை வந்தது.